ஒரே ஓட்டில் போன வெளியுறவுத் துறை

பேப்பர்ல அந்தப் பக்கத்தத் திருப்பிறாதீங்க சார், ஒரு நிமிஷம். கீழ, மூலையில. அமெரிக்காவுல ஜனாதிபதி மந்திரியாப் போட்ட ஆள மேலவை கூப்பிட்டு விசாரிக்குதுன்னு போட்டிருக்குல்ல? அதத்தான் எட்டிப் பாத்துக்கிட்டு வந்தேன். தப்பா நினைக்காதீங்க. என்னையும் அப்படி விசாரிச்சாங்க. வெளியுறவுத் துறை. ஒரே ஒரு ஓட்டுல போச்சு.

ஏன் சார் அங்கிட்டு நகர்றீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி போடுற பழக்கமெல்லாம் கிடையாது. பேரு சோணைமுத்து. மதுரையில ஒரு காலேஜ்ல, அரசியல் அறிவியல் டிபார்ட்மெண்ட்ல அட்டெண்டர். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். திருச்சி போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. கேளுங்க, நியாயத்த நீங்களே சொல்லுங்க.

எங்க டிபார்ட்மெண்ட் தலைவர் எட்வின் சார். நல்ல மனுசன், ஆனா ஒண்ணு தோணிட்டா விட மாட்டாரு. போன வருஷம் பரிட்சையில ஒரு கேள்வி, அமெரிக்காவுல மந்திரி நியமனம் எப்படி நடக்குதுன்னு. பத்து மார்க். நம்ம பிள்ளைக அம்புட்டுப் பேரும் "கவர்னர் பதவிப் பிரமாணம் செய்து வைப்பார்"னு எழுதி வச்சிருக்குதுக. நம்ம ஊர்ல அப்படித்தான? முதலமைச்சர் பேரக் குடுப்பாரு, கவர்னர் பிரமாணம் பண்ணி வைப்பாரு, மறுநா காலையில கார் வந்துரும். அங்க அப்படி இல்லையாம். ஜனாதிபதி பேரச் சொன்னாலும், மேலவைக்காரங்க அந்த ஆள உக்கார வச்சு, முன்ன என்ன செஞ்ச, இனிமே என்ன செய்வன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டு, அப்பறம் ஓட்டுப் போட்டு, சரின்னாத்தான் நாற்காலியாம்.

"இத நடத்தியே காட்டிருவோம் சோணைமுத்து"ன்னாரு. செமினார் ஹால்தான் மேலவை. மூணாம் வருஷப் பிள்ளைக முப்பத்தொரு பேரும் உறுப்பினருங்க. ரெண்டாம் வருஷத்துல தமீம்னு ஒரு பையன், சீட்டுப் போட்டு எடுத்ததுல அவன் ஜனாதிபதி. வந்த அன்னைக்கே அவனுக்கு நடை மாறிப்போச்சு சார். வராண்டாவுல நடக்கும்போது பின்னாடி கையக் கட்டிக்கிட்டான்.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, கேள்வி கேக்க எல்லாருக்கும் ஆசை. கேள்விக்கு உக்கார ஒருத்தனுக்கும் ஆசை இல்ல. மந்திரிக்கு ஆள் இல்ல. தமீம் யோசிச்சான். வாட்ச்மேன் மூக்கையாவப் பாதுகாப்புத் துறைக்குப் போட்டான். கேண்டீன் மாஸ்டர உணவுக்கு. என்னைய வெளியுறவுக்கு. ஏன்னா, இருக்குற பதினாலு டிபார்ட்மெண்ட்டுக்கும் சுற்றறிக்கை கொண்டு போறவன் நான்தான். கெமிஸ்ட்ரிக்காரன் பிசிக்ஸ்காரன்கிட்டப் பேச மாட்டான், ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசுவாங்க. பையன் சரியாத்தான் புடிச்சான்.

மூக்கையாவுக்கு ஒரே கேள்வி. "எதிரி நாட்டுப் படை உள்ள வந்தா என்ன செய்வீங்க?" "ஐடி கார்டு கேப்பேன்"னான். முப்பத்தொண்ணும் விழுந்துச்சு. எதிர்ப்பே இல்ல. கேண்டீன் மாஸ்டரு சாம்பார் விஷயத்துல மாட்டிக்கிட்டாரு. ஒன்றரை மணி நேரம் விசாரணை. கடைசி பெஞ்சு ஏழு பேரு தனியாக் கூடிப் பேசி, வாரத்துல ரெண்டு நாள் கத்திரிக்காய் போட்டா ஆதரவுன்னு ஆள் அனுப்புனாங்க. அவரு ஒத்துக்கிட்டாரு, பாஸ். அதுதான் அரசியல்னு எட்வின் சார் போர்டுல எழுதிக் காமிச்சாரு.

எனக்கு மூணாவது நாள். முன்னாடியே ஒரு படிவம் குடுத்தாங்க, நாலு பக்கம். வழக்கு ஏதும் இருக்கா, இல்ல. வெளிநாட்டுப் பயணம் உண்டா? பொய் சொல்லக் கூடாதில்லையா. "தனுஷ்கோடி வரை"ன்னு எழுதுனேன். எட்வின் சார் ரெண்டு நாள் எனக்குப் பயிற்சி குடுத்தாரு. சிக்கலான கேள்வி வந்தா ஒரே பதில்தான்: "அது பற்றி இப்போதைக்குச் சொல்வது முறையாகாது." என்ன அருமையான வாக்கியம் சார் அது! எதுக்கும் பொருந்துது. அன்னைக்குச் சாயங்காலம் என் சம்சாரம் பஞ்சவர்ணம் கேட்டா, பால் பாக்கெட் எங்கன்னு. அந்த வாக்கியத்தையே சொன்னேன். கரண்டியத் தூக்கிட்டா.

விசாரணைக்கு மச்சினன் கல்யாணக் கோட்டப் போட்டுக்கிட்டுப் போனேன். பச்சைத் துணி விரிச்ச மேஜை, அந்தத் துணிய விரிச்சதும் நான்தான். தலைவி ஷர்மிளான்னு ஒரு பிள்ளை. மணி அடிச்சு உக்காரச் சொல்லுச்சு. உண்மையே பேசுவேன்னு கை தூக்கிச் சத்தியம் பண்ணேன்.

ஆரம்பம் நல்லாத்தான் போச்சு. உலகப் படத்துல நாலு நாடு காட்டச் சொன்னாங்க, மூணு காட்டுனேன். ஒருத்தி ஐநா சபை எங்க இருக்குன்னு கேட்டா. மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டுன்னேன், எங்க டிபார்ட்மெண்ட்ல அந்தப் புஸ்தகம் அங்கதான் இருக்கு. கை தட்டுனாங்க. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன்.

அப்பறம் கடைசி நம்பர் உறுப்பினர் எந்திரிச்சா. நாகஜோதி.

இந்த இடத்துல உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு தம்பி, மாயழகு. வில்லாபுரத்துல எங்கப்பா கட்டுன வீட்ட நடுவுல சுவர் வச்சு ரெண்டாக்கி அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. காரணம் சின்னது இல்ல சார். எங்க தங்கச்சி மக சடங்குக்கு அவன் பிளெக்ஸ் அடிச்சு வச்சான். தாய்மாமன் நான், மூத்தவன். என் போட்டோ மூணாவது வரிசையில, அதுவும் ஓரத்துல, ஸ்டாம்ப் சைசுல. அவன் மச்சினன் மேல் வரிசையில கூலிங்கிளாஸோட சிரிக்கிறான். எப்படி இருக்கும்? அன்னைக்கு நிறுத்துனேன் பேச்ச. வீட்டுல அவன் பேரே எடுக்கக் கூடாதுன்னுட்டேன். அந்த மாயழகு மகதான் நாகஜோதி.

அவ எங்க காலேஜ்லதான் படிக்கிறா, எங்க டிபார்ட்மெண்ட்தான். மூணு வருஷமாத் தினம் பாப்பேன். பாக்க மாட்டேன். புரியுதுல்ல?

எந்திரிச்சு நின்னா. கையில காகிதம்கூட இல்ல. "என்னை உங்களுக்குத் தெரியுமா?"ன்னா.

"அது பற்றி இப்போதைக்குச் சொல்வது முறையாகாது"ன்னேன்.

ஷர்மிளா மணி அடிச்சா. "நியமனம் பெற்றவர் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லவும்."

நான் என்ன செய்வேன்? "இல்லை"ன்னுட்டேன்.

அவ மெதுவாத்தான் பேசுனா. "எங்க அடுப்படியும் உங்க அடுப்படியும் ஒரே சுவர். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் உங்க சைக்கிள்ல முன்னாடி உக்காந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒருநாள் வழக்கம்போல வாசல்ல பையோட நின்னேன். நீங்க என்னைத் தாண்டிப் போனீங்க. பெல் அடிச்சுக்கிட்டே போனீங்க. தெரியாதா?"

பிள்ளைக எல்லாம் என்னையப் பாக்குதுக. எனக்கு வேர்த்துப்போச்சு, கோட்டு வேற. சட்டுன்னு ஒண்ணு தோணுச்சு. "தலைவி அவர்களே, இது உள்நாட்டு விவகாரம். நான் வெளியுறவு"ன்னேன். எட்வின் சாரே தலையாட்டுனாரு, நல்ல பாயிண்ட்டுன்னு. அப்பறம் அதுக்கு ஒரு விவாதம் சார், இருபது நிமிஷம்! தம்பி வீடு உள்நாடா வெளிநாடா? கடைசியில ஷர்மிளா தீர்ப்புச் சொன்னா: நடுவுல சுவர் இருக்கு, போக்குவரத்து இல்ல, பேச்சுவார்த்தை இல்ல, அதனால வெளிநாடுதான், கேள்விய அனுமதிக்கிறேன்னு.

நாகஜோதி கேட்டா, "எங்க அப்பா இருமுறது சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்குமா?"

"கேக்கும்."

"ஆறு மாசமா இருமுறாரு. என்னன்னு நினைச்சீங்க?"

நான் சத்தியம் பண்ணியிருக்கேன்ல, உள்ளதச் சொன்னேன். "நான் சாப்பிட உக்காந்தா இருமுறான். வேணும்னு பண்றான். ஆத்திரமூட்டுற செயல்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பதிலுக்கு இருமுனேன்."

ஹாலே சிரிச்சுச்சு. மூக்கையா கதவுக்கு வெளிய நின்னு சிரிக்கிறான். அவ மட்டும் சிரிக்கல. ஷர்மிளாவப் பாத்து, "இந்த நியமனத்த அடுத்த புதன்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கணும். அதுக்குள்ள இவர் ஒரே ஒரு பேச்சுவார்த்தை நடத்தி, எழுத்துல சான்று கொண்டு வரட்டும். பக்கத்து வீட்டோட பேச முடியாதவர் இருநூறு நாட்டோட என்ன பேசுவாரு?"ன்னா. கை தூக்கச் சொன்னாங்க, எல்லாக் கையும் மேல போச்சு. ஒரு உறுப்பினர் நினைச்சா ஒரு நியமனத்தையே நிறுத்திரலாமாம். அங்கயும் உண்டுன்னு எட்வின் சார் சொன்னாரு.

பாத்தீங்களா, எங்க வச்சு எப்படி அடிச்சுட்டா? சொந்தத் தம்பி மக.

நாலு நாள் நான் போகல. அஞ்சாவது நாள், ஞாயித்துக்கிழமை, தமீம் போன் பண்ணி, "சார், நீங்க தோத்தா என் அரசாங்கத்துக்கே அவமானம்"னான். அவன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சு. கோட்டப் போட்டேன். ஒரு வெள்ளைத்தாள், பேனா. என் வாசப்படி இறங்கி, பதினோரு அடி நடந்து, அவன் வாசப்படி ஏறுனேன்.

கட்டில்ல ரெண்டு தலகாணிய முட்டுக் குடுத்து உக்காந்திருந்தான். ஆளு பாதியாயிட்டான் சார். சட்டைக்குள்ள ஆளத் தேடணும்.

"வாண்ணே"ன்னான், நேத்துப் பேசி விட்ட மாதிரி.

"நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்"னேன்.

"சொன்னா ஜோதி. உக்காரு."

அவன் சம்சாரம் சுண்டல் கொண்டு வந்து வச்சுச்சு. ஒரு எவர்சில்வர் சம்படத்துல. பாத்தா, மூடியில என் பேரு வெட்டியிருக்கு. எங்க வீட்டுச் சம்படம்! இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் சுவத்தப் பாக்குறாங்க. பின்னாடி துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னு என் சம்சாரம் ஒன்பது வருஷமாக் குழம்பு குடுத்து, குழம்பு வாங்கியிருக்கா. அப்ப நான் ஞாயித்துக்கிழமை சப்புக்கொட்டித் தின்ன மீன்குழம்பு? அது இந்த வீட்டுக் குழம்பு! எங்க வீட்டு வெளியுறவுத் துறைய என்னையக் கேக்காமலே அவ நடத்திக்கிட்டு இருந்திருக்கா. எந்த விசாரணையும் இல்லாம.

சரி, அத அப்பறம் பாத்துக்குவோம்னு, "பேச்சுவார்த்தை நடந்துச்சுன்னு ஒரு கையெழுத்து வேணும்"னு தாள நீட்டுனேன்.

"என்ன பேசுனோம்னு எழுதுறது?"ன்னான். "ஒண்ணும் பேசலையே."

நியாயம்தான. எதையாவது பேசணும். பிளெக்ஸப் பத்திக் கேட்டேன். "என் போட்டோவ ஏன்டா கீழ போட்ட?"

அவன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். "நீ குடுத்தது ரேஷன் கார்டு போட்டோண்ணே. பெருசாக்குனா மூஞ்சி கட்டம் கட்டமா உடையுதுன்னான் கடைக்காரன். வேற போட்டோ கேட்டு உன் வாசலுக்கு மூணு தடவ வந்தேன். நீ ஏதோ எலெக்‌ஷன் டூட்டின்னு மேலூர் போயிட்ட. மேல பெருசாப் போட்டா உன்னைய யாருக்கும் அடையாளம் தெரியாதுன்னுதான் சின்னதாப் போடச் சொன்னேன். சின்னதா இருந்தாத் தெளிவா இருக்கும்னான்."

நான் சுண்டல் சாப்பிட்டேன்.

இருமல் வந்துருச்சு அவனுக்கு. கிட்ட இருந்து கேக்கும்போது அது வேற மாதிரி இருந்துச்சு சார். சுவத்த வச்சுக் கேட்டா அப்படித் தெரியல. இருமி முடிச்சுட்டு, "இன்னைக்குச் சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில சேரணும், நாளைக்கு ஆபரேஷன். நெஞ்சுல வால்வு மாத்தணுமாம்"னான்.

"யாரு கூட இருக்கா?"

"ஜோதிதான். இவளுக்கு ஆஸ்பத்திரி வாசம் பட்டாலே மயக்கம் வந்துரும்."

அவன் சம்சாரம் தலையக் குனிஞ்சுக்கிச்சு. நான் ஒண்ணும் யோசிக்கல சார். "நான் வர்றேன்"னு வாயில வந்துருச்சு. "நீ பாஸாகணும்னு வர்றியா, எனக்காக வர்றியா?"ன்னான். எட்வின் சார் சொல்லிக் குடுத்த வாக்கியத்தச் சொன்னேன். சிரிச்சான். சிரிச்சா இருமல் வருது, அதனால பாதியில நிறுத்திக்கிட்டான்.

அப்பறம் தாள்ல எழுதுனான். "என் அண்ணன் வந்தான். பேசினான். நாளைக்கும் வர்றேன்னான். மாயழகு." நான் சொன்னேன், "டேய், வெளியுறவுத் துறை மந்திரியா நியமிக்கப்பட்டவர் வந்தார்னு எழுதுடா, சட்டப்படி இருக்கணும்"னு. "வந்தது அண்ணன்தான?"ன்னுட்டான். மாத்தவே மாட்டேன்னுட்டான். சின்ன வயசுலயே அப்படித்தான், புடிச்ச புடி.

திங்கக்கிழமை ஆபரேஷன். நான் ஒரு யூனிட் ரத்தம் குடுத்தேன். நல்லபடியா முடிஞ்சுச்சுன்னு சாயங்காலம் சொன்னாங்க. செவ்வாய்க்கிழமையும் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன், நாகஜோதி மேல் படியில, நான் கீழ் படியில. பேசிக்கிடல. மருந்துச் சீட்டு வந்தா எங்கிட்ட நீட்டுவா, நான் வாங்கிட்டு ஓடுவேன். புதன்கிழமை விசாரணை. நான் எப்படிப் போவேன்? வர முடியலன்னு எட்வின் சாருக்குப் போன் பண்ணேன். நியமனம் பெற்றவர் நேர்ல இல்லாம ஓட்டெடுப்பு நடத்த விதியில இடம் இல்லையாம். போச்சு, அம்புட்டுத்தான்னு வச்சேன் போன.

மூணு மணிக்குப் பாத்தா, ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல டீக்கடையில மேலவை வந்து இறங்கியிருக்கு! முப்பது பேரும் டவுன் பஸ்ல வந்திருக்காங்க. மேலவை எங்க வேணும்னாலும் கூடலாம்னு தமீம் விதியக் கண்டுபுடிச்சிருக்கான். எட்வின் சார் பிஸ்கட் டப்பா பக்கத்துல நிக்கிறாரு. ஷர்மிளா பையில இருந்து டிபார்ட்மெண்ட் மணிய எடுத்து பெஞ்சு மேல வச்சா. நாகஜோதிய நான் கூட்டிட்டு வரல, அவளே வந்து கடைசி ஆளா நின்னா. டீக்கடைக்காரன் யாருக்குய்யா எலெக்‌ஷன்னு கேக்குறான்.

கோட்டுப் பையில இருந்த தம்பி சான்ற எடுத்து நீட்டுனேன், ஷர்மிளா சத்தமாப் படிச்சா. ரெண்டு பிள்ளைக மூக்க உறிஞ்சுச்சு. எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாங்க. ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை. அந்தக் கடைசி பெஞ்சு ஏழு பேரும் இல்லைன்னானுக, நான் கத்திரிக்காய் தர முடியாதுல்ல. முப்பது பேரு முடிஞ்சப்ப ஆம் பதினஞ்சு, இல்லை பதினஞ்சு. மிச்சம் ஒருத்தி.

நான் அவளப் பாத்தேன். நல்லாப் பாத்தேன், ஒன்பது வருஷத்துல மொதத் தடவ. எங்கம்மா ஜாடை. ரெண்டு நாள் தூங்காத கண்ணு.

"இந்தச் சான்ற ஏத்துக்க முடியாது"ன்னா. "மந்திரி வந்ததா இதுல எழுதல. அண்ணன் வந்தான்னுதான் எழுதியிருக்கு. அதனால வெளியுறவுப் பேச்சுவார்த்தை எதுவும் நடக்கல. இல்லை."

ஷர்மிளா மணி அடிச்சா. பதினஞ்சுக்குப் பதினாறு. நியமனம் நிராகரிப்பு.

கோட்ட நனைக்கிற மாதிரி வெயில் சார் அன்னைக்கு. அப்படியே நிக்கிறேன். தமீம் எங்கிட்ட வந்து, பின்னாடி கட்டியிருந்த கைய எடுத்து என் தோள்ல வச்சுட்டுப் போனான். லைப்ரரி அசிஸ்டெண்ட்டப் போட்டான் அப்பறம், அந்தாளு எதிர்ப்பே இல்லாமப் பாஸாகிட்டாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு அவரு, யார்கிட்டயும்!

அதக்கூட விடுங்க. அடுத்து நாகஜோதி என்ன செஞ்சா தெரியுமா? நேரா எங்கிட்ட வர்றா. கையில ஆஸ்பத்திரி பாஸு. "நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம். ஒருத்தருக்குத்தான் அனுமதி. நீங்க போங்க பெரியப்பா"ன்னா.

பெரியப்பாவாம்! முப்பது பேரு முன்னாடி இல்லைன்னு சொல்லிட்டு, மூச்சு மாத்துறதுக்குள்ள பெரியப்பாங்குறா. இதுக்கு என்ன பேரு சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

போனேன். பாஸ வீணாக்க முடியுமா? உள்ள அவன் மூஞ்சில மாஸ்க், நெஞ்சு பூராக் கட்டு. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதனால அவனும் பேசல, நானும் பேசல. ஸ்டூலப் போட்டு உக்காந்தேன். ஃபேன் சத்தம், பக்கத்துல ஏதோ மிஷின் சத்தம். ஒரு மணி நேரம். பேச்சுவார்த்தைன்னு அத எவனும் ஒத்துக்கிட மாட்டான்.

நேரம் முடிஞ்சுச்சுன்னு நர்ஸம்மா வந்து சொன்னப்ப எந்திரிக்கப் பாத்தேன், முடியல. என்னடான்னு பாத்தா, என் கை அவன் கைக்குள்ள இருக்கு. யாரு மொதல்ல புடிச்சது, எப்பப் புடிச்சது, எனக்குத் தெரியாது சார். அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் எந்தக் கமிட்டியும் எங்கிட்டக் கேக்கல.